மூணு மூலை கறுத்த கடிதம்

தமிழ்ச்செல்விக்குக் கோபம் வந்தால் முதலில் தையல் மிஷின் நிற்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். கோரிப்பாளையத்தில் ஜஸீலாவின் நைட்டிக் கடையில் பதினான்கு வருஷமாகத் தைக்கிறவள். காய்ச்சலோ கால்வலியோ, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு மிதித்துக்கொண்டே இருப்பாள். சனிக்கிழமை பத்தரை மணிக்கு நின்ற அவள் மிஷின் மதியச் சாப்பாடு வரைக்கும் ஓடவில்லை. விஷயம் சின்னது இல்லை என்று ஜஸீலாவுக்கே விளங்கிவிட்டது.

விஷயம் ஒரு புத்தகம். திருநகரிலிருந்து நைட்டி எடுக்க வரும் லலிதாம்பாள், தன் வீட்டுக்காரர் வெங்கடேஷ்பாபு போட்டது என்று சொல்லி ஒரு பிரதியைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷர் அவர். திருமங்கலம் பக்கத்து ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் எகிப்துக்கும் இலங்கைக்கும் சண்டைக்குப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வீடு வீடாக அலைந்து சேர்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. அதற்காகப் போட்ட புத்தகம் இது. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? சும்மா புரட்டிக்கொண்டு வந்த ஜஸீலா நாற்பத்தோராம் பக்கத்தில் நின்று, "யக்கா, உங்க வீட்டுக்காரரு பேரு கருப்புதான?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் இப்படிப் போட்டிருந்தது: 'ராணுவ லாரி ஓட்டுநர் கருப்பு, 1988இல் இலங்கையிலிருந்து அனுப்பிய கடிதம் ஒன்றின் மூலைகள் கறுத்திருந்தன. அதைக் கண்ட அவருடைய மனைவி சாவுச் செய்தி என்று எண்ணி, பிரித்தும் பாராமல் கிழித்தெறிந்தார், தாலியையும் கழற்றிவிட்டார். கருப்போ அப்போது உயிருடன்தான் இருந்தார். நாலே மாதத்தில் அவர் கண்ணிவெடியில் வீரமரணம் எய்தியது விதியின் விளையாட்டே. பேதைப் பெண்ணின் அவசரத்தை என்னென்பது! தகவல்: அன்னாரின் தம்பி விருமாண்டி.'

பேதைப் பெண்ணாம், அவசரமாம். முப்பத்தேழு வருஷமாக ஊர் வாயில் கிடந்து நாறிய பேச்சு, இப்போது வழவழப்பான தாளில் அச்சேறி, அட்டைப்படமும் போட்டுக்கொண்டு கடை தேடி வந்துவிட்டது. தமிழ்ச்செல்வி அதை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தாள்.

"கிழிச்சது யாரு, பழி யாருக்குன்னு பாத்தியா ஜஸீலா" என்றாள் கடைசியில். "நான் கிழிச்சேனாம். நான் கழட்டுனேனாம். இவன் வாய் கூசல பாரு."

நடந்ததைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். நல்ல சேதி என்றால் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவது வழக்கம், சாவுச் சேதி என்றால் கறுப்பு. கறுப்புத் தடவிய கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கவனியுங்கள், படித்துவிட்டு. 1988 பங்குனியில் ராணுவத்து இன்லேண்ட் கடிதம் ஒன்றைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது தமிழ்ச்செல்வியின் மாமனாருக்கு அந்தப் பாதி மறந்துபோனது. முந்தின வாரம்தான் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்கு இலங்கையிலிருந்து சாவுத் தந்தி வந்திருந்தது. மூலையில் கறுப்பைப் பார்த்ததும் இதுவும் அதே சேதிதான் என்று கிழவர் முடிவு கட்டிவிட்டார். அவருக்கு எழுத்தும் தெரியாது. வீட்டில் கடிதம் வாசிக்கிறவன் கடைசி மகன் விருமாண்டி. அவன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதத் திருமங்கலம் போயிருந்தான்.

தமிழ்ச்செல்வி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், வயது இருபத்தொன்று, எட்டாம் வகுப்பு வரை படித்தவள். "மாமா, மேல உள்ளது அவுக கையெழுத்துதான். எங்கிட்ட குடுங்க, நான் படிக்கிறேன்" என்று கையை நீட்டினாள். "சாவோலையப் பொம்பள தொடக் கூடாது" என்று சொல்லி, பிரிக்காமலேயே அதை நாலாய் எட்டாய்க் கிழித்து வாய்க்காலில் விட்டுவிட்டார் மாமனார். மூணு மூலைதான் கறுத்திருந்தது. நாலாவது மூலை சுத்தமாக இருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். சொன்னால் யார் கேட்டார்கள்? அதற்குள் ஊர் திரண்டு ஒப்பாரி தெருமுனை வரை போய்விட்டது.

பதினாறாம் நாள், தர மாட்டேன் என்று தாலியைப் பொத்திக்கொண்ட அவள் கையை நாலு பெண்கள் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தார்கள். இருபத்து மூன்றாம் நாள் கருப்பின் அடுத்த கடிதம் வந்தது. 'ஏன் பதில் போடவில்லை, எல்லாரும் சுகந்தானே' என்று கேட்டிருந்தான்.

ஒரு மன்னிப்பு கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? ம்ஹூம். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவன் லீவுல வந்து கட்டட்டும். பொம்பள தானா எடுத்துக் கட்டிக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார். புருஷன் உயிரோடு இருக்க, வெறுங்கழுத்தோடு மாசக்கணக்கில் அந்த வீட்டில் சாணி அள்ளினாள், தண்ணி எடுத்தாள். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஆடி மாசம் கருப்பின் லாரி கண்ணிவெடியில் சிக்கியது. இந்தத் தடவை நிஜமான தந்தி. அன்றைக்கே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது: கழட்டுன தாலி காவு வாங்கிருச்சு, அவதான் புருஷன முழுங்குனவ. ராணுவத்துப் பென்ஷன் மாசாமாசம் வந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. அந்த ஊரில் ஒரு கல்யாணம் காதுகுத்துக்கு அதற்கப்புறம் அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

இதையெல்லாம்கூட அவள் எப்படியோ செரித்துக்கொண்டாள். செரிக்காதது ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் எந்த ஆம்பளை பெண்டாட்டிக்கு நேராகக் கடிதம் போட்டான்? கருப்பும் 'அன்புள்ள அப்பாவுக்கு' என்றுதான் எழுதுவான். கடைசியில் 'வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று ஒரு வரி வரும். அந்த எல்லோருக்குள் அவளும் உண்டு என்று அவளாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். விருமாண்டி நடுவீட்டில் உட்கார்ந்து வாசிப்பான், அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். தாலி அறுத்த கூத்தை அவனே அண்ணனுக்கு எழுதிப் போட்டிருந்தான். அதற்கு வைகாசியில் பதில் வந்தது. அதில் அவன் வாசித்தது இவ்வளவுதான்: 'நலம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.' தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கருப்பும் தன்னைத்தான் குற்றம் சொல்கிறான் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். முப்பத்தேழு வருஷமாக அப்படியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜஸீலா கடையைத் திறக்கவில்லை. "யாவாரம் கெடக்கு யக்கா, வாங்க போவோம்" என்று புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெரியார் நிலையத்தில் பஸ் மாறித் திருநகரில் இறங்கினார்கள்.

மண்டபத்தில் சாப்பாட்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கடிதங்களைப் பரப்பி மேலே கண்ணாடி வைத்திருந்தார்கள். மேடையில் மைக். முன்வரிசையில் சால்வையோடு விருமாண்டி உட்கார்ந்திருந்தான். திருமங்கலத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை, ஊர்க் கோயில் கமிட்டியில் தலைவர் பதவி, தலையில் கறுப்புச் சாயம் என்று ஆள் செழிப்பாக இருந்தான். அவனுக்குப் பின்னால் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த நாற்பது ஐம்பது பேர். தமிழ்ச்செல்வியைப் பார்த்ததும் அந்தக் கூட்டத்தில் இரண்டு கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

அவள் யாரையும் பார்க்காமல் நேராக மேஜைக்குப் போனாள். 'கருப்பு, இலங்கை, 19 கடிதங்கள்' என்று எழுதி வைத்திருந்தது. வெங்கடேஷ்பாபு ஆசையாக ஓடிவந்தார். "பாருங்கம்மா, இம்புட்டும் ராணுவத் தபால் முத்திரை. ஒண்ணுகூட அழியல. இந்த மாதிரி செட் மதுரையில யார்கிட்டயும் கெடையாது."

"எழுத்து எங்கய்யா இருக்கு?"

"அது அடியில இருக்கும்மா. முத்திரை மேல தெரியணுமேன்னு வெளிப்பக்கத்த மேல வச்சிருக்கேன்."

"அப்ப நாப்பத்தோராம் பக்கத்துல போட்டது எந்தக் கடுதாசியில படிச்சீங்க?"

மனுஷர் சிரித்தார். "கடிதம் எல்லாத்தயும் நான் எங்கம்மா படிக்கிறது, ஆயிரத்துக்கு மேல இருக்கு. அவரு தம்பி சொன்னத எழுதிக்கிட்டேன்."

"அந்தப் பேதைப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா?"

"அவங்க இருக்காங்களோ என்னமோ..."

"இருக்கேன். நாந்தான்."

வெங்கடேஷ்பாபுவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தமிழ்ச்செல்வி அவரை விட்டுவிட்டுக் கடிதங்களின் மேல் குனிந்தாள். பத்தொன்பதும் விரித்த நிலையில் கிடந்தன. விரித்த இன்லேண்டின் வெளிப்பக்கத்தில் மேலே பெறுநர் விலாசம், நடுவில் அனுப்புநர் விலாசம், மூன்றாவது பாகம் எழுத இடம் போதாதவர்களுக்கு. கருப்புக்கு உள்பக்கமே மிச்சமாகும், கஞ்சன்போல எழுதுவான். பதினெட்டில் அந்த மூன்றாவது பாகம் காலியாக இருந்தது. ஒன்றில் மட்டும் நுனி வரை பொடி எழுத்து. முத்திரையில் 1988 மே. வைகாசிக் கடிதம். இரண்டு வரி வாசித்த கடிதம்.

அந்தப் பொடி எழுத்தில் முதலில் கண்ணில் பட்டது அவள் பெயர்.

"கண்ணாடிய எடுங்க" என்றாள். "கை படக் கூடாதும்மா, பழைய தாளு..." என்று அவர் இழுக்க, ஜஸீலா கண்ணாடியின் ஒரு முனையைத் தூக்கியேவிட்டாள். "அவுக புருஷன் எழுதுனது சார். அவுக கை படாம வேற யாரு கை படணும்?"

அவன் கடிதம் ஒன்றை அவள் கையில் எடுப்பது அதுவே முதல் தடவை. திருப்பி உள்பக்கத்திலிருந்து படித்தாள்.

'அன்புள்ள அப்பாவுக்கு, கருப்பு எழுதுவது. நலம். தம்பி போட்ட கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்தக் கடிதத்தில் இருந்தது கிரீஸ். லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துவிட்டு, கையைத் துடைக்காமல் மடித்து ஒட்டிவிட்டேன். அது என் தப்பு. ஆனால் பிரித்துப் பார்க்காமல் கிழித்தது நீங்கள். படிக்கிறேன் என்று அவள் கை நீட்டிக் கேட்டாளாம், தம்பி எழுதியிருக்கிறான். அத்தனை பேரில் புத்தியோடு இருந்தது அவள் ஒருத்திதான். உயிரோடு இருக்கிறவன் பெண்டாட்டிக்குத் தாலி அறுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பெற்ற அப்பாவை இப்படிக் கேட்க வேண்டியதாகிவிட்டது.'

வெளிப்பக்கத்தில், எழுத்து பொடியாகி, பேச்சும் மாறி இருந்தது.

'இனிமே எழுதுறது தமிழ்ச்செல்விக்கு. விருமாண்டி, இத எல்லாரு முன்னாடியும் சத்தமா வாசி. தமிழ்ச்செல்வி, நான் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். நீயே ஒரு மஞ்சக்கயிறு வாங்கிக் கட்டிக்க, நான் சொன்னேன்னு சொல்லு. இங்க உள்ள சனம் நம்ம பாஷதான் பேசுது, எங்களக் கண்டா கதவச் சாத்துது. அதுகளச் சொல்லிக் குத்தமில்ல. நாளைக்கு எனக்கு என்னமும் ஆச்சுன்னா உன்னாலதான்னு ஒரு பய சொல்லக் கூடாது. இங்க சாவு ரோட்டுக்கு அடியில கெடக்கு, உன் கழுத்துல இல்ல. நல்லாச் சாப்பிடு. கருப்பு.'

அழப்போகிறாள் என்று நினைத்து ஜஸீலா தோளைப் பிடித்தாள். அழவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம், அடிவயிற்றிலிருந்து. கருப்பு தன்னைக் குற்றம் சொல்லவே இல்லை. நல்லாச் சாப்பிடு என்று எழுதியிருக்கிறான். அதைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்குப் போய்ச் சேராமல் ஒரு வாய் மூடி வைத்திருந்தது. அந்த வாய் இப்போது முன்வரிசையில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தது.

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அவன் முன்னால் போய் நின்றாள். "இது உங்கிட்ட வாசிக்கச் சொன்னது விருமாண்டி. ஏன் வாசிக்கல?"

அவன் தாளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. மறந்தே போயிருப்பான் போல. அண்ணன் கடிதங்களைக் கட்டோடு கண்காட்சிக்குத் தூக்கிக் கொடுத்தவனுக்கு உள்ளே இது கிடப்பது நினைவிருந்தால் கொடுத்திருப்பானா? "மதினி, எல்லாரும் இருக்காக. வெளிய போயிப் பேசுவோம்."

"எல்லாரும் இருக்கைலதான் வாசிக்கச் சொல்லியிருக்காக. ஏன் வாசிக்கல?"

"அப்பாகிட்ட மொதல்ல தனியா வாசிச்சேன். இத வெளிய விட்டா நான் நாண்டுக்கிட்டுச் சாவேன்னாரு. எனக்குப் பதினேழு வயசு மதினி. நான் என்ன பண்ண?"

"சரி, அன்னிக்குப் பயந்துட்ட. ஒங்கப்பா போயி இருபத்திரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் யாரு வந்து ஒன் வாயப் பொத்துனா?"

அவன் ஜூஸ் டம்ளரைக் குனிந்து நாற்காலிக்கு அடியில் வைத்தான். பின்வரிசைகளில் பேச்சு அடங்கிவிட்டது.

"ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தாக்கூட விட்டுருப்பேன். நான் கிழிச்சேன்னு புத்தகத்துக்குச் சொல்லியிருக்க. நான் கழட்டுனேன்னு சொல்லியிருக்க."

"ஊருல அப்பிடித்தான பேச்சு. செத்த மனுஷன் பேரக் கெடுக்க வேணாமேன்னு..."

"உசுரோட இருக்கவ பேரு கெட்டாப் பரவால்ல."

வெங்கடேஷ்பாபு நடுவில் வந்து கையைப் பிசைந்தார். நிஜமாகவே பதறிப்போயிருந்தார். "அம்மா, தப்பு என்னோடதும்தான். இன்னிக்கு ஒரு புத்தகம்கூட வெளிய போகாது. அந்தப் பக்கத்த எடுத்துட்டு வேற அடிச்சு ஒட்டிருறேன்."

"அது நீங்க பண்ண வேண்டியது, பண்ணுங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. "இவன் பண்ண வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. அவுக சொன்னத இவன் வாசிக்கட்டும். இந்தா, மைக்கு இருக்கு. ஊரும் வந்திருக்கு."

விருமாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தது அவன் காலில் தெரிந்தது. ஆனால் வேனில் வந்த சனம் அத்தனையும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது, முகத்தைத் திருப்பிய கிழவிகள் உள்பட. சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு மேடைக்கு ஏறினான். தமிழ்ச்செல்வி கடிதத்தை அவன் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று, இரண்டு பேரும் பார்க்கும்படி விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

ஐம்பத்துநாலு வயது ஆள், பள்ளிக்கூடத்துப் பையன்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். அன்புள்ள அப்பாவுக்கு, கருப்பு எழுதுவது. சோறு இறங்காததை வாசித்தான், கிரீஸை வாசித்தான். கையைத் துடைக்காமல் ஒட்டியது என் தப்பு என்று அண்ணன் ஒத்துக்கொண்டதை நிறுத்தி நிதானமாக வாசித்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, "அத்தனை பேரில் புத்தியோடு இருந்தது..." என்று அடுத்துப் போனான்.

தமிழ்ச்செல்வியின் விரல் தாளில் அதற்கு முந்தின வரியில் இருந்தது. முப்பத்தேழு வருஷம் கழித்து, இத்தனை பேர் முன்னால், அவள் கண்ணெதிரிலேயே அவன் தாண்டிப் போகிறான். அவள் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"'பிரித்துப் பார்க்காமல் கிழித்தது நீங்கள்'னு ஒரு வரி இருக்கு, அத விட்டுட்ட. கை நீட்டிக் கேட்டாளாம்னு ஒரு வரி இருக்கு, அதையும் விட்டுட்ட. மொதல்ல இருந்து வாசி."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அன்புள்ள அப்பாவுக்கு என்று மறுபடியும் ஆரம்பித்தான். அவள் ஒவ்வொரு வரிக்கும் விரலை நகர்த்திக்கொண்டு வந்தாள்.